பட்டி மாடும் காட்டு விலங்கும்: காட்டோரத்தில் பாதிப்பைக் கணக்கெடுக்க முழுமையான வழிகாட்டி

சத்தியமங்கலம், பர்கூர், ஆனைமலை மாதிரியான கொங்குக் காடுகளில் கால்நடையும் மனித நடமாட்டமும் காட்டு விலங்குகளை எப்படிப் பாதிக்கின்றன என்று முறையாகப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் காட்டுக்குள் தடுமாறுவதில்லை, கிளம்பும் முன்பே தடுமாறிவிடுகிறார்கள். "மாடு இருக்கிறது, மான் இல்லை, அப்படியானால் மாடுதான் காரணம்" என்று முடிவு செய்துகொண்டு, அதற்குச் சாட்சி தேடத்தான் நடக்கிறார்கள். மாடு, ஆடு, நாய், விறகுக்குப் போகிறவர், சாலையில் ஓடும் லாரி என ஒவ்வொன்றும் வேறு விலங்கை வேறு விதமாகப் பாதிக்கிறது. எல்லாவற்றையும் "மனித இடையூறு" என்று ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால், பிறகு எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. கீழே உள்ள வரிசை இதை மனதில் வைத்துப் போட்டது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"கால்நடையால் வனவிலங்குக்குப் பாதிப்பு உண்டா?" என்ற கேள்விக்கு ஒரு பருவத்தில் விடை காண முடியாது. ஒரு விலங்கு, ஒரு அழுத்தம், ஒரு இடம் என்று சுருக்குங்கள். "பட்டியிலிருந்து விலகிப் போகப் போகக் கடமான் புழுக்கை கூடுகிறதா?" என்பது நடந்தே விடை காணக்கூடிய கேள்வி.

எந்த விலங்கு என்பதைப் பொறுத்துத்தான் எதைத் தேட வேண்டும் என்பது அமையும். கடமானுக்கும் காட்டெருமைக்கும் புல்லும் தண்ணீரும் நோயும்தான் முக்கியம். செந்நாய் நேரடியாக மாட்டோடு மோதுவது குறைவு. அதன் இரையான மான் குறைவதும், ஊர் நாய்களிடமிருந்து தொற்றும் நோயும்தான் அதை அடிக்கின்றன. செந்நாய்க் கூட்டம் அடித்த மானை, கூட்டத்தை விரட்டிவிட்டு ஆட்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. நாற்கொம்பு மான் தனியாகவோ இரண்டாகவோ வாழும் சின்ன மான் என்பதால், நாய்தான் அதற்குப் பெரிய ஆபத்து. யானைக்குத் தண்ணீருக்குப் போகும் வழி அடைபடுவதுதான் பிரச்சினை.

எந்த இனம் எவ்வளவு அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் புலி, யானை, செந்நாய் மூன்றும் ஒரே நிலையில் உள்ளவை. காட்டெருமை, கடமான், சிறுத்தை, கரடி, நாற்கொம்பு மான் ஆகியவை அதற்கு ஒரு படி கீழே. புள்ளிமான் இந்தப் பட்டியலில் ஆபத்து இல்லாத இனம். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

2. அனுமதி வாங்காமல் ஒரு அடி கூட வைக்க வேண்டாம்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வுக்காகப் போக, தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். 28ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விண்ணப்பத்தில் கேள்வி, முறை, வழித்தடம், மாதங்கள், ஆட்கள் என எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் முதலில் கேள்வியை எழுதச் சொன்னேன். கைவிரல் அளவுக்குக்கூடத் தெளிவில்லாத விண்ணப்பங்கள்தான் மாதக்கணக்கில் சுற்றுகின்றன.

அனுமதி கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு படிகளை ஊருக்குள் இருந்தே செய்யலாம்.

எந்த வகைக் காடு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. அந்தியூர், கோபி பக்கத்து மலைகள் 2024இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. காப்புக்காட்டில் உள்ள மேய்ச்சல் விதி வேறு, சரணாலயத்தில் வேறு, தேசியப் பூங்காவில் வேறு. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மேய்ச்சலுக்கு முதலில் எல்லாக் காடுகளிலும் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குக் குறைத்தது. மறுபக்கம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காடுசார்ந்த மக்களின் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பட்டிக்காரர் நிற்கிறார். இது தெரியாமல் அவரிடம் பேசப் போகக் கூடாது.

3. முதலில் பட்டிக்காரரிடம் பேசுங்கள், பிறகு நடங்கள்

புதியவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். நடந்து முடித்து, தரவெல்லாம் சேர்த்த பிறகு, "ஒரு பேட்டி எடுத்துக்கலாம்" என்று போகிறார்கள். அப்போது அவர்கள் நடந்த மாதத்தில் மாடு அந்தப் பக்கமே வரவில்லை என்பது தெரிய வரும்.

பர்கூர் மலையில் செம்பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் மலைமாட்டைப் பட்டி போட்டு வளர்க்கிறார்கள். மாடு பகலில் மேய்ந்து, சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும். மழை எப்போது, புல் எங்கே, எந்த ஓடையில் தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. உங்கள் வரைபடத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது.

கேட்கும் விதம் முக்கியம். "ஏனுங்க, மேயறது எத்தனை உருப்படி இருக்குமுங்க? கோடையில தண்ணிக்கு எங்கீங்க ஓட்டறீங்க?" என்று தொடங்கினால் பேச்சு தானாக வளரும். பர்கூர், தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. மாடு எத்தனை, ஆடு எத்தனை, நாய் எத்தனை, எந்த மாதம் எந்தப் பக்கம், தடுப்பூசி எப்போது போட்டது, கன்று எத்தனை செத்தது, எதனால் என்று கேளுங்கள். வேட்டையைப் பற்றியும், யாருக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறது என்பதைப் பற்றியும் கேட்காதீர்கள். அதைக் கேட்ட நொடியில் நீங்கள் ஆய்வாளர் இல்லை, வேவு பார்க்க வந்தவர் என்றாகிவிடும். அதற்கப்புறம் உருப்படி எண்ணிக்கைகூடக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

பெயர் எழுத வேண்டாம். பட்டிக்கு ஒரு எண் போதும். எழுதுவதை அவர்கள் கண்முன்னே எழுதி, படித்தும் காட்டுங்கள்.

4. வழித்தடம் தேர்வு: தண்ணீரைச் சமன் செய்யுங்கள்

இந்த ஆய்வின் நெஞ்சுப் பகுதி இதுதான், இங்கே தவறினால் மற்ற எல்லாம் வீண்.

ஊரும் பட்டியும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காட்டு விலங்கும் தண்ணீருக்குத்தான் வரும். அதனால் "ஊருக்கு அருகே" என்றும் "ஊருக்குத் தொலைவில்" என்றும் இரண்டாகப் பிரித்தால், ஊரின் விளைவை அளக்கிறோமா தண்ணீரின் விளைவையா என்று தெரியாது. பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கோடையில் தண்ணீர் இறங்கியதும் கரையில் புல் முளைக்கும். மாடும் வரும், யானையும் வரும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்து, மாட்டால் யானைக்குத் தொந்தரவே இல்லை என்று எழுதுவது தவறு. வேறு வழியில்லாமல்தான் இரண்டும் அங்கே நிற்கின்றன.

எனவே நான்கு வகை வழித்தடம் வேண்டும்: தண்ணீரும் பட்டியும் உள்ளது, தண்ணீர் உண்டு பட்டி இல்லாதது, தண்ணீர் இல்லை பட்டி உண்டு, இரண்டும் இல்லாதது. மூன்றாவது வகை கிடைப்பது கடினம்தான். கிடைக்காவிட்டால் முதல் இரண்டையாவது கட்டாயம் வையுங்கள். ஒப்பிடத் தகுந்த ஜோடி அதுதான்.

காட்டு வகையும் ஒத்திருக்க வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் முட்காட்டையும் தலமலை மேட்டின் இலையுதிர் காட்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும், அதற்கு மாடு காரணமாக இருக்க வேண்டியதில்லை. எல்லா வழித்தடத்தையும் ஜீப் ரோட்டிலேயே வைப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை. செந்நாயும் சிறுத்தையும் ரோட்டில் நடக்கும், எச்சம் போடும். கடமானும் நாற்கொம்பு மானும் புதருக்குள் இருக்கும். ரோடு மட்டும் நடந்தால் கொன்றுண்ணிகள் கூடுதலாகவும் மான்கள் குறைவாகவும் தெரியும்.

5. கையில் என்ன வேண்டும்

ஜி.பி.எஸ். உள்ள கைபேசியும் இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடமும், 20 மீட்டர் டேப், சிறிய அளவுகோல், பென்சில், அச்சடித்த படிவம். பேனா மழையில் கரையும். மங்கிய நிற உடை, சென்ட் வேண்டாம். அவ்வளவுதான்.

6. நடக்கும் முறை

வனத்துறைக் காவலர் அல்லது ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போகட்டும். காடு அவருக்குத் தெரியும், யானை வாடை அவருக்கு முதலில் தெரியும். மூடுபனியிலும் பெருமழையிலும் நடக்க வேண்டாம். முன்னால் போகிறவர் கை காட்டினால் எதையும் கேட்காமல் நின்றுவிட வேண்டும்.

ஒரு வழித்தடம் 2 கிலோமீட்டர். அதை 200 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் படிவத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒன்றும் கிடைக்காத துண்டுக்குச் சுழி போட வேண்டும். பலரும் வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். வெற்றிடம் என்றால் பார்த்து ஒன்றும் இல்லாததா, பார்க்கவே இல்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

ஒரே வழித்தடத்தை ஒரே பருவத்தில் மூன்று முறையாவது நடக்க வேண்டும். கடமான் இருந்தும் ஒரு நடையில் தடயம் கிடைக்காமல் போகலாம். மூன்று நடையில் எத்தனை முறை கிடைத்தது என்பதிலிருந்துதான், இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்க முடியும்.

ஒவ்வொரு 400 மீட்டரிலும் நின்று, 20 மீட்டர் நீளம் 2 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை டேப் வைத்து அளந்து, அதற்குள் உள்ள எல்லாச் சாணத்தையும் புழுக்கையையும் எண்ணுங்கள். ஒருமுறை இடது, ஒருமுறை வலது. கூடவே புல்லின் உயரம், உன்னிச்செடி எவ்வளவு, சீமைக்கருவேல் உண்டா என்று எழுதுங்கள். மாடு சீமைக்கருவேல் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு காட்டுக்குள் போடுகிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அது பரவிய இடங்களில் வெளிமானுக்கு வேண்டிய திறந்த புல்வெளி சுருங்குகிறது. மாடு போன பிறகும் இந்தப் பாதிப்பு நீடிக்கும் என்பதால், இதை இன்றைய மாட்டு எண்ணிக்கையோடு மட்டும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

7. எச்சத்தை அடையாளம் காண்பது

கஷ்டமான ஜோடிகள் மூன்று.

மாடும் காட்டெருமையும் முதல் ஜோடி. பெரிய காட்டெருமைக் காளையின் குளம்படி மலைமாட்டினுடையதைவிடத் தெளிவாகப் பெரியது. பெட்டையும் இளசும் மாட்டோடு குழம்பும். சாணத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முயலாதீர்கள். கூடவே செருப்புத் தடம், ஒடித்த தழை, பட்டிக்குப் போகும் தேய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் "மாட்டினம், உறுதியில்லை" என்றே எழுதுங்கள். அதற்கென்று படிவத்தில் தனிக் கட்டம் வையுங்கள். ஊகித்து எழுதிய ஒன்றைவிட உறுதியில்லை என்று எழுதிய பத்து மதிப்பானவை.

இரண்டாவது, வெள்ளாடும் சிறு மான்களும். ஆடு நடந்துகொண்டே புழுக்கை போடுவதால் சிதறிக் கிடக்கும். நாற்கொம்பு மான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து போடுவதால் குவியலாக இருக்கும், புதிதும் பழையதும் கலந்து தெரியும். வெளிமானுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் அது திறந்த வெளியில் இருக்கும்.

மூன்றாவது, செந்நாயும் ஊர் நாயும். கால்தடத்தை வைத்துப் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். செந்நாய் எச்சத்தில் ரோமமும் எலும்புத் துணுக்கும் நிறைந்திருக்கும், பாதை பிரியும் இடங்களில் கூட்டமாகப் போட்டிருக்கும். தடம் மட்டும் கிடைத்தால், அதையும் உறுதியில்லாத கட்டத்தில் போடுங்கள்.

கரடி எச்சம் எளிது. கறையான் துணுக்கும், பருவத்தில் இலந்தை, கொன்றை விதைகளும் இருக்கும்.

வயது எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஈரம், காய்ந்தது, உடைந்தது என்று மூன்று நிலை போதும். மழைக்குப் பிறகு சாணவண்டும் கறையானும் சில நாட்களில் புழுக்கையைத் தின்று தீர்த்துவிடும். கோடையில் மாட்டுச் சாணம் வரட்டியாகி வெகுநாள் கிடக்கும். அதனால் மாட்டுச் சாணத்தின் எண்ணிக்கையையும் கடமான் புழுக்கையின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாடு இத்தனை மடங்கு என்று சொல்லவே கூடாது. மாட்டை மாட்டோடும் கடமானைக் கடமானோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும், அதுவும் ஒரே பருவத்துக்குள். நேரம் இருந்தால் பட்டையை ஒருமுறை சுத்தமாகத் துடைத்துவிட்டு, குறித்த நாட்கள் கழித்து வந்து புதிதாக விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். இதுதான் நம்பகமான வழி.

இன்னொன்று: சாணம் எருவாக விலைபோகிறது. மாயாற்றின் சீகூர்ப் பக்கம் சாணம் பொறுக்குவதே சிலருக்குத் தொழில். மாடு நிறைய மேய்ந்தும் சாணமே இல்லாத இடம் இருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். பட்டிக்காரரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

8. மனிதத் தடயத்துக்குத் தனித்தனிக் கட்டம்

வெட்டிய அடிமரம், ஒடித்த கிளை, தீ வைத்த தடம், செருப்புத் தடம், வாகனத் தடம், நாய், பாட்டில், கண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நெல்லிக்காய், கடுக்காய், சீமார்ப்புல், மரப்பாசி எடுப்பவர்கள் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டும் வருவார்கள். மாடு மேய்ப்பவர் தினமும் வருவார். இரண்டையும் "ஆள் நடமாட்டம்" என்று சேர்த்தால் பாதிப்பு யாருடையது என்று தெரியாமல் போகும்.

நாய்க்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாடு மான் கூட்டத்தை ஒதுங்கச் செய்யும், நாய் குட்டியைக் கொல்லும். கூட்டமாகத் திரியும் ஊர் நாய்கள் காட்டோரத்தில் புள்ளிமானையும் வெளிமானையும் துரத்திக் கடிக்கின்றன. அப்படி இருந்தும் புதியவர்களின் படிவங்களில் நாய்க்கு இடமே இருப்பதில்லை. நாய் நமக்குப் பழகிய பிராணி, கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

திருவிழா நாட்களைத் தவிருங்கள். பங்குனியில் பண்ணாரி குண்டம் சமயத்தில் எடுத்த கணக்கு அந்த வாரத்தைத்தான் காட்டும், ஆண்டை அல்ல. திம்பம் மலைப்பாதை ஓர வழித்தடம் என்றால், 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அதற்கு முந்தைய தரவோடு ஒப்பிடும்போது தேவைப்படும்.

கண்ணி கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து, உடன் வந்த காவலரிடம் அப்போதே சொல்லுங்கள்.

9. நேரத்தைப் பார்க்கக் கேமரா

எச்சம் எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. பட்டி அருகேயும் கடமான் புழுக்கை இருக்கலாம். ஆனால் அது மாடு திரும்பிய பிறகு, இரவில் மட்டும் வந்ததாக இருக்கலாம். தண்ணீருக்கு இரவில் மட்டும் வரும் மானுக்குச் சிறுத்தை, புலி ஆபத்து கூடுதல். இந்த வகைப் பாதிப்பைத் தானியங்கிக் கேமரா இல்லாமல் பிடிக்க முடியாது. கேமராவுக்குத் தனி அனுமதி வேண்டும், வனத்துறையே வைத்திருந்தால் அதன் தரவைக் கேட்கலாம்.

முழங்கால் உயரத்தில், பாதைக்குக் குறுக்காகப் பார்க்குமாறு, சூரியன் நேரே விழாத திசையில் கட்டுங்கள். கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்த பிறகே கிளம்ப வேண்டும். கடிகாரம் தவறினால் எல்லாம் போச்சு.

விறகுக்கும் புல்லுக்கும் வரும் பெண்கள் படத்தில் விழுவார்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். கேமரா இருக்கும் இடத்தை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் தெரியாமல் படம் எடுக்கப்படுவது சரியல்ல.

10. நோய்: கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு

1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவிக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டது. ஆனால் கோமாரியும் (கால், வாய் நோய்) அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) இன்றும் இருக்கின்றன. நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் செந்நாய்க்குப் போகலாம். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 33அ பிரிவே சொல்கிறது. உங்கள் படிவத்தில் பட்டிவாரியாகத் தடுப்பூசி விவரம் இருந்தால், அதை அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொடுக்கலாம். இந்த ஆய்வில் உடனடியாகப் பயன்படும் தரவு இதுதான் என்பது என் எண்ணம்.

செத்த விலங்கைத் தொடாதீர்கள், அறுக்க விடாதீர்கள். அடைப்பானில் செத்த உடலைத் திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

11. கணக்கும் அதில் வரும் பிழைகளும்

ஒவ்வொரு விலங்குக்கும், தடயம் கிடைத்த 200 மீட்டர் துண்டுகள் நூற்றுக்கு எத்தனை என்று போடுங்கள். அதைத் தண்ணீர் உள்ள வழித்தடங்களுக்குள் மட்டும், பட்டி உள்ளது, இல்லாதது என்று பிரியுங்கள். பிறகு பட்டியிலிருந்து உள்ள தூரத்தைக் கிடைக்கோட்டிலும் விகிதத்தைச் செங்குத்திலும் வைத்து ஒரு வரைபடம். சிக்கலான புள்ளியியலுக்கு முன் இந்தப் படம் எதையாவது சொல்கிறதா என்று பாருங்கள்.

"கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "இல்லை" என்று எழுதுவது முதல் பிழை.

இரண்டாவது பிழை புள்ளிமானை நம்புவது. ஊரை ஒட்டிக் குட்டையாக மேய்ந்த புல் அதற்குப் பிடிக்கும், புலி, செந்நாய்க்குப் பயந்து மனிதர் பக்கம் ஒதுங்கவும் செய்யும். அதனால் பட்டி அருகே மான் நிறைய என்ற முடிவு வரும். கடமானைத் தனியாகப் பார்த்தால் படம் வேறாக இருக்கலாம். எல்லா மானையும் ஒன்றாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

மூன்றாவது சிறுத்தை. நாயும் கன்றும் தின்று ஊரோரத்திலேயே அது வாழும். ஊர் அருகே சிறுத்தை கூடுதல் என்றால் காடு நலம் என்று அர்த்தமில்லை. அடுத்து அடிபடப் போகும் மாடு, அந்த மாட்டின் உடலில் வைக்கப்படும் விஷம் என்ற சங்கிலி அங்கேதான் தொடங்குகிறது. மாடு அடிபட்ட இடங்களைத் தனியாகக் குறியுங்கள். அந்த வீட்டுக்காரரிடம், உடலை எடுக்காமல் வனத்துறைக்குச் சொன்னால்தான் இழப்பீடு கேட்க முடியும் என்பதைச் சொல்லுங்கள்.

12. முடிவை யாரிடம் எப்படிக் கொடுப்பது

வனத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை, அதே வாரத்தில் ஊரிலும் படித்துக் காட்டுங்கள். பட்டி எண், எந்த வீடு என்று ஊகிக்க முடியும் விவரங்களை இரண்டு பிரதியிலும் நீக்கிவிடுங்கள். புலி குட்டி போட்ட குகை, செந்நாய் வளை, யானை நிற்கும் நீர்நிலை இவற்றின் துல்லியமான இடத்தை வனத்துறைப் பிரதியில் மட்டும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், ஒரே நாளில் கூட்டம் போய்விடும்.

பரிந்துரை எழுதும்போது, அளந்ததை மட்டும் வைத்து எழுதுங்கள். நாய் தடயம்தான் கூடுதல் என்று வந்தால் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கேளுங்கள், மாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். கோடை இரண்டு மாதம் ஒரே ஒரு ஓடையில்தான் நெரிசல் என்று வந்தால், அந்த ஓடையை அந்த இரண்டு மாதத்துக்கு விட்டுக்கொடுத்து மாட்டுக்கு ஊரில் தொட்டி கட்டுவது பற்றிப் பேசலாம். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் புல் ஏறும்வரை மாட்டை மாற்றி விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஓர் இடத்தை ஓய்வாக விடுவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பென்சிலில் எழுதிய மூலப் படிவங்களைத் தூக்கிப் போடாமல், வழித்தட வரைபடத்தோடு சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே தடத்தில் நடப்பவர்கள் ஒப்பிடுவதற்கு அறிக்கையைவிட அந்தக் கட்டுதான் உதவும்.